மளிகைச் சீட்டில் தொடங்கும் ஆரோக்கியம்

 

நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களோடு இணைத்திருக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் படிக்கும்போதெல்லாம் எங்களுக்கு ஒரு கவலை எழுகிறது. சர்க்கரையால் காலில் ஆறாத புண், பல வருடம் கவனிக்காத இரத்த அழுத்தத்தால் பழுதான சிறுநீரகம், மாரடைப்புக்குப் பின் வைத்த ஸ்டென்ட் என்று அதே நோய்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. விண்ணப்பம் தருபவர் பெரும்பாலும் அந்த வீட்டின் ஒரே சம்பாத்தியக்காரர். அவர் படுத்துவிட்டால் மருந்துச் செலவு ஒரு பக்கம், நின்றுபோன வருமானம் இன்னொரு பக்கம். கடைசியில் பிள்ளையின் படிப்பில் வந்து முடிகிறது.

உதவி கேட்டு வருபவர்களுக்கு நம்மால் முடிந்ததைச் செய்கிறோம். ஆனால் வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்யும் ஒருவரின் செலவை எந்த அறக்கட்டளையாலும் முழுமையாகச் சுமக்க முடியாது. இந்த நோய்களில் பெரும்பகுதியைத் தள்ளிப்போடவோ, தடுக்கவோ முடியும் என்பதுதான் நாம் அறிய வேண்டிய செய்தி.

"சத்தாகச் சாப்பிடுங்கள், தினமும் நடங்கள்" என்று மருத்துவர் சொன்னதும், "எங்கள் வருமானத்துக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா?" என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆப்பிளும் பாதாமும் ஓட்ஸும் ஜிம்மும்தான் ஆரோக்கியம் என்று விளம்பரங்கள் நம்மை நம்ப வைத்திருக்கின்றன. உண்மையில் புதிதாக ஒரு ரூபாய்கூட வேண்டியதில்லை. இப்போது மளிகைக்கும் பலகாரத்துக்கும் செலவாகும் பணத்தையே கொஞ்சம் இடம் மாற்றினால் போதும். எப்படி என்று கணக்கோடு பார்ப்போம்.

நடையும் உணவும் நோயைத் தடுக்குமா?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நாடு முழுவதும் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருக்கிறது. சுமார் 13.6 கோடி பேர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். அதாவது, அவர்களின் இரத்தச் சர்க்கரை இயல்பை விட அதிகம். நோய் என்று சொல்லும் அளவுக்கு இன்னும் போகவில்லை. இந்த நிலையில் உள்ளவருக்குப் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது.

வாசற்படியில் நிற்பவர் திரும்பி வர முடியுமா? நம் சென்னையிலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இந்த நிலையில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு அந்த மூன்றாண்டுக்குள் நீரிழிவு வந்துவிட்டது. தினமும் அரை மணி நேரம் நடந்து, சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்துள்ள உணவைக் கூட்டியவர்களில் அது 39 பேருக்குத்தான் வந்தது. இன்னொரு பிரிவினருக்கு மாத்திரை கொடுத்தார்கள். அதில் கிடைத்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். மாத்திரைக்குச் சமமான வேலையை நடையும் உணவும் செய்தன என்று பொருள்.

நடந்தவர்களுக்கு எடை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. அப்படியிருந்தும் பலன் கிடைத்தது. ஆகவே, "ஒரு மாதம் நடந்தேன், எடை குறையவில்லை, விட்டுவிட்டேன்" என்று யாரும் சோர்ந்துவிட வேண்டாம். எடைக் கருவியில் தெரியாத நன்மை உடலுக்குள் நடந்துகொண்டிருக்கும்.

மூன்று பொட்டலங்களில் தேதி எழுதுங்கள்

நம் வீட்டில் எதைக் குறைக்க வேண்டும் என்று அறிய எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. அடுத்த முறை எண்ணெய், சர்க்கரை, உப்பு மூன்றையும் பிரிக்கும்போது பாக்கெட்டின் மேல் பேனாவால் தேதியை எழுதிவையுங்கள். தீரும் நாளையும் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அளவு இதுதான்.

எண்ணெய்: ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு எண்ணெய், நெய், டால்டா எல்லாம் சேர்த்து சுமார் 27 கிராம் போதும். நான்கு பேருக்கு முப்பது நாளைக்குக் கணக்கிட்டால் ஏறக்குறைய மூன்றரை லிட்டர். உங்கள் வீட்டில் ஐந்து, ஆறு லிட்டர் ஆகிறதா? அந்த வித்தியாசம் உடலுக்கும் சுமை, பைக்கும் சுமை.

சர்க்கரை: உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. நான்கு பேருக்கு மாதம் மூன்று கிலோ. ஆனால் இந்த மூன்று கிலோவில் டீ, பிஸ்கட், குளிர்பானம், மிட்டாய், சர்பத் எல்லாம் அடக்கம். வெளியே சாப்பிடுவதைக் கழித்தால் வீட்டு டப்பாவில் இரண்டரைக் கிலோவுக்கு மேல் தீரக் கூடாது. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் டீயிலேயே நாற்பது கிராமுக்கு மேல் போய்விடுகிறது. டீயை விட வேண்டியதில்லை. இரண்டு கரண்டியை ஒன்றரை ஆக்கி, இரண்டு வாரம் கழித்து ஒன்று ஆக்குங்கள். நாக்கு பழகிவிடும். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை என்று மாற்றினாலும் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். அளவு ஒன்றுதான்.

உப்பு: ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். நான்கு பேருக்கு மாதம் 600 கிராம். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ஐம்பது நாளாவது வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், கடைப் பரோட்டாவின் சால்னா இவற்றில் உள்ள உப்பு இந்தக் கணக்கில் வராமல் தனியாக உள்ளே போகிறது என்பதை மறக்க வேண்டாம். இரத்த அழுத்தம் உள்ளவர் இருக்கும் வீட்டில் சாப்பாட்டு ஸஹனின் பக்கத்தில் உப்புக் கிண்ணம் வைக்கும் வழக்கத்தை நிறுத்துவது நல்ல தொடக்கம்.

எண்ணெயைக் குறைக்க ஒரு எளிய வழி: பாட்டிலிலிருந்து சட்டியில் நேரடியாக ஊற்றாதீர்கள். கரண்டியால் அளந்து விடுங்கள். பொரித்த எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுவது கெடுதல். ஆகவே பொரிப்பதையே வாரம் ஒரு நாள் என்று வைத்துக்கொண்டால் எண்ணெயும் மிச்சம், உடலுக்கும் நல்லது. ரேஷன் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைகொழுப்பு. அதை மட்டுமே நம்பாமல் கடலெண்ணெய், நல்லெண்ணெய் என்று மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

மிச்சமாகும் பணத்தில் என்ன வாங்கலாம்?

இப்போது கணக்குக்கு வருவோம். இவை சுமாரான விலைகள். ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே ஒரு முறை கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டில் மாதம் இரண்டு லிட்டர் எண்ணெய் குறைந்தால் சுமார் 300 ரூபாய் மிச்சம். சர்க்கரை இரண்டு கிலோ குறைந்தால் 90 ரூபாய். மாலையில் ஆளுக்குப் பத்து ரூபாய்க்கு சமோசா, வடை, பப்ஸ் என்று மாதம் இருபது நாள் வாங்குபவர்கள் அதை நான்கு நாளாக்கினால் 640 ரூபாய். விருந்தாளிக்கென்று வாங்கி நாமே குடித்து முடிக்கும் பெரிய குளிர்பான பாட்டில் இரண்டை விட்டால் 200 ரூபாய். ஆக மொத்தம் 1230 ரூபாய்.

இந்தப் பணத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆளுக்கு ஒரு முட்டை, மாதம் 60 முட்டை, 420 ரூபாய். வாரம் மூன்று கட்டுக் கீரை, 240 ரூபாய். பாசிப்பயறு ஒரு கிலோ, கொண்டைக்கடலை ஒரு கிலோ, 220 ரூபாய். நிலக்கடலை ஒரு கிலோ, 140 ரூபாய். கொய்யா, பப்பாளி, வாழைப்பழத்துக்கு 200 ரூபாய். மொத்தம் 1220. பத்து ரூபாய் கையில் மீதி.

சம்பளம் கூடவில்லை, கடன் வாங்கவில்லை. வீட்டுக்குள் வந்த பொருள் மட்டும் மாறியிருக்கிறது.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. நூறு கிராம் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ 20 கிராம், நிலக்கடலையில் அதைவிடக் கூடுதல். "பாதாம் வாங்க முடியவில்லையே" என்று ஏங்குபவர்கள் கைப்பிடி வேர்க்கடலையை அவித்துச் சாப்பிடலாம். ஆட்டுக்கறி அரைக் கிலோ வாங்கும் பணத்தில் ஐம்பது முட்டைக்கு மேல் வாங்கலாம். கறி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாத நாளில் "இன்று வெறும் சோறுதான்" என்று நினைக்க வேண்டியதில்லை என்கிறோம்.

மீனிலும் அப்படித்தான். வஞ்சிரம் வாங்கினால்தான் மீன் என்றில்லை. மத்தி என்றும் சாளை என்றும் சொல்லும் மீனில் இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு, விலையும் குறைவு. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. இரண்டையும் பொரிக்காமல் ஆணமாக வையுங்கள். கேழ்வரகில் பாலைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆரஞ்சைவிடக் கொய்யாவில் வைட்டமின் சி பல மடங்கு அதிகம். பக்கத்து வீட்டுக் கொல்லையில் முருங்கை மரம் இருந்தால் கீரைக்குக் காசே தேவையில்லை.

சோற்றுத் தட்டு

ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைப்பது பெரிய உதவி. ஆனால் இலவசமாகக் கிடைப்பதாலேயே நம் தட்டில் சோறு மலைபோலவும் தொடுகறி ஒரு கரண்டியாகவும் ஆகிவிட்டது. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசையோ பரோட்டாவோ என்றால் மூன்று வேளையும் மாவுச்சத்துதான்.

ஒரு எளிய அளவு சொல்கிறோம். தட்டில் பாதி காய்கறியும் கீரையும் இருக்கட்டும். கால் பாகம் பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி ஏதாவது ஒன்று. மீதிக் கால் பாகம் சோறு. முதல் நாளே இப்படி மாற்றினால் பசி தாங்காது, வீட்டில் சண்டையும் வரும். வாரம் ஒரு கரண்டி சோறு குறைத்து ஒரு கரண்டி காய் கூட்டினால் ஒரு மாதத்தில் அந்த இடத்துக்கு வந்துவிடலாம். காய் விலை ஏறும் நாளில் சுரைக்காய், பூசணி, முட்டைக்கோஸ், பீர்க்கங்காய் போன்ற மலிவானவை கைகொடுக்கும். சந்தை முடியும் நேரத்தில் போனால் விலை இறங்கியிருக்கும். கடினமாக உடலுழைப்புச் செய்பவர்களுக்குச் சோறு கூடுதலாகத் தேவை. மூட்டை தூக்கும் சகோதரருக்கும் கல்லாவில் உட்காரும் சகோதரருக்கும் ஒரே அளவு பொருந்தாது.

இங்கே ஒரு விஷயத்தை மனம் விட்டுப் பேச வேண்டும். நம் பல வீடுகளில் எல்லாருக்கும் பரிமாறிய பிறகு கடைசியில் சாப்பிடுவது அம்மாதான். அதற்குள் முட்டையும் மீனும் தீர்ந்திருக்கும். அடிச்சோறும் ஆணத்தின் மிச்சமும்தான் அவர் தட்டில் விழும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தச்சோகை இருக்கிறது. எப்போதும் அசதி, மூச்சிரைப்பு, தலைசுற்றல் என்று சொல்லும் பெண்ணைச் சோம்பேறி என்று நினைக்கிறோம். அவர் உடலில் இரத்தம் போதவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கலாம்.

ஆகவே, முட்டை அவிக்கும்போது தலைக்கு ஒன்று என்று எண்ணி அவியுங்கள். அந்த எண்ணிக்கையில் அம்மாவும் மருமகளும் நன்னிமாவும் இருக்க வேண்டும். பரிமாறும் முன்பே அவர்களின் பங்கை எடுத்துவையுங்கள். இதற்குச் செலவு எதுவும் இல்லை. கீரை, பயறு சாப்பிடும்போது கூடவே எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது தடைப்படும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

நம் சமையலை விட வேண்டியதில்லை

ஆரோக்கியம் என்றதும் பிரியாணியை விடச் சொல்வார்கள் என்று பயப்படுகிறோம். விட வேண்டாம். எத்தனை நாளைக்கு ஒரு முறை, எவ்வளவு என்பதுதான் கேள்வி. வலீமா, பெயர் சூட்டு, பெருநாள் என்று வெளியில் மாதம் மூன்று நான்கு பிரியாணி கிடைக்கும் காலத்தில், வெள்ளிக்கிழமை தவறாமல் வீட்டிலும் நெய்ச்சோறு ஆக்க வேண்டுமா என்று யோசிக்கலாம். ஆக்கும் நாளில் தயிர்ப் பச்சடியை ஊறுகாய்போல் ஓரத்தில் வைக்காமல் ஒரு கிண்ணம் நிறைய வையுங்கள். அதில் வெள்ளரியும் கேரட்டும் சேரட்டும்.

தாளிச்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். பருப்பு, எலும்பு, கத்திரிக்காய், சுரைக்காய், மாங்காய் எல்லாம் சேர்ந்த அருமையான உணவு அது. காயைக் கூட்டி எண்ணெயைக் குறைத்தால் மருத்துவரே பரிந்துரைப்பார். நோன்புக் கஞ்சியும் அப்படியே. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், மல்லி, புதினா என்று பகல் முழுவதும் பட்டினி கிடந்த வயிற்றுக்கு இதமான உணவு. தொந்தரவு கஞ்சியில் இல்லை, அதன் பக்கத்தில் வைக்கும் சமோசா, பஜ்ஜி, வடை, சர்பத்தில்தான் இருக்கிறது. ரமலானில் எடை குறைய வேண்டியவர்களுக்கு எடை ஏறுவது இதனால்தான். அந்தத் தட்டில் ஒரு பொரியலுக்குப் பதில் சுண்டலும், சர்பத்துக்குப் பதில் மோரும் தர்பூசணியும் வைத்துப் பாருங்கள். ஸஹரைத் தவறவிட வேண்டாம். அந்த நேரத்துச் சாப்பாட்டில் முட்டையோ பருப்போ இருந்தால் பசி தாங்கும்.

வயிற்றை மூன்றாகப் பகுத்து, உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் இடம் விடும் வழிகாட்டல் நமக்குப் புதிதல்ல. பயானில் கேட்டதைத் தட்டில் கொண்டுவருவது மட்டுமே பாக்கி.

கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்

ரேஷன் கடையில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் பாக்கெட் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. பாமாயிலை மட்டும் வாங்கிவிட்டுப் பருப்பை விட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். வெளிச்சந்தை விலையைப் பார்த்தால் பருப்பில்தான் பெரிய மிச்சம். கோதுமை கிடைத்தால் வாங்கி, தவிட்டோடு அரைத்துக்கொள்ளுங்கள். மைதா பரோட்டாவைவிடக் கோதுமைச் சப்பாத்தி நல்லது.

அரசுப் பள்ளியில் மதிய உணவோடு முட்டை தருகிறார்கள். தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் உண்டு. "வீட்டில் இல்லாததா?" என்று கௌரவம் பார்த்துப் பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் சத்துமாவு தருகிறார்கள். வாங்கி அலமாரியில் வைத்துவிடாமல் கஞ்சியாகவோ கொழுக்கட்டையாகவோ செய்து உரியவருக்கே கொடுங்கள்.

முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இந்த நோய்களுக்கான மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பெயர் பதியாதவர்கள் சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளுங்கள்.

நடைக்குக் கட்டணம் இல்லை

வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் விறுவிறுப்பாக நடந்தால் கணக்குச் சரி. விறுவிறுப்பு என்றால் என்ன? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ராகம் போட்டுப் பாட முடியக் கூடாது. அந்த வேகம். அரை மணி சேர்ந்தாற்போல் கிடைக்கவில்லை என்றால் பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடக்கலாம்.

"ஐந்து வேளை தொழுகிறோமே, அதுவே போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். தொழுகை இபாதத். அதை உடற்பயிற்சிக் கணக்கில் எழுத வேண்டாம். மூட்டுகளுக்கு அசைவு கிடைப்பது உண்மைதான். ஆனால் இதயத்துக்குத் தேவையான வேகம் அதில் வராது. பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் அந்த வேகம் வரும். தெரு முனையில் இருக்கும் பள்ளிக்கும் பைக்கை எடுப்பதை நிறுத்துவோம். சுப்ஹுக்குப் பின் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து இருபது நிமிடம் நடந்துவிட்டு வீடு திரும்பலாம். இரவுச் சாப்பாட்டை மஃரிபுக்குப் பின் முடித்துக்கொண்டு இஷாவுக்கு நடந்து போனால், சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரையும் அடங்கும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பத்துப் பதினைந்து நிமிட நடை நல்ல பலன் தரும்.

2023 நவம்பரில் தமிழக அரசு ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்து 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று தொடங்கியது. அதன் அருகில் இருப்பவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பெண்களுக்குத்தான் இதில் சிரமம் அதிகம். "வீட்டு வேலையே போதும்" என்கிறார்கள். வீட்டு வேலையில் களைப்பு வரும், ஆனால் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்று செய்வது அது. மொட்டை மாடி இருந்தால் அதுவே நடைபாதை. முப்பது அடி நீள மாடியில் போக வர ஐம்பத்தைந்து முறை நடந்தால் ஒரு கிலோமீட்டர். மாடி இல்லாதவர்கள் தெருவில் உள்ள நான்கு வீட்டுப் பெண்களாகச் சேர்ந்து காலையில் புறப்படலாம். தனியாகப் போகத் தயங்கும் பெண் கூட்டத்தோடு தயங்காமல் போவார். வீட்டு ஆண்கள் அந்த அரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் இது நடக்கும். பார்த்துக்கொள்ளாவிட்டால் எத்தனை கட்டுரை எழுதினாலும் நடக்காது.

வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது பத்து முறை. சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை. தண்ணீர் நிறைத்த ஒரு லிட்டர் பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்கி இறக்குவது பத்து முறை. வயதானவர்கள் விழாமல் இருக்க இது மிகவும் உதவும். முட்டி வலி உள்ளவர்கள் மெதுவாகத் தொடங்கட்டும்.

காசைப் பறிக்கும் 'ஆரோக்கியம்'

ஆலிவ் எண்ணெய், கிவிப் பழம், உயரம் வளர்க்கும் பவுடர், எடை குறைக்கும் ஷேக், சர்க்கரையை அடியோடு குணப்படுத்தும் சூரணம். தெரிந்தவர், உறவினர் மூலமாகவே இவை நம் வீட்டுக்குள் வருகின்றன. ஒரு டப்பா புரதப் பவுடரின் விலையில் ஒரு குடும்பத்துக்கு மூன்று நான்கு மாதத்துக்கு முட்டை வாங்கலாம். 'சர்க்கரை நோய் தீர்ந்துவிடும்' என்ற பேச்சை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் ஆபத்தான நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போக நேரிடுகிறது. யார் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இவர்கள் கவனமாக இருக்க வேண்டும்

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைப் பாதியாக்கினால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடலாம். முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்குப் பருப்பு, கீரை, பழம் எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையில் உள்ள அளவு அவர்களுக்குப் பொருந்தாது. கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. அவர்களுக்குச் சத்தைக் கூட்ட வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுக்கமோ, வலியோ, அளவுக்கு மீறிய மூச்சிரைப்போ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

இந்த மாதம் மூன்று வேலைகள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற நினைத்தால் ஒரு வாரத்தில் பழையபடி ஆகிவிடும். ஆகவே இந்த மாதத்துக்கு மூன்று மட்டும். எண்ணெய், சர்க்கரை, உப்புப் பாக்கெட்டுகளில் தேதி எழுதுங்கள். முட்டையைத் தலைக்கு ஒன்று என்று எண்ணி அவித்து, அம்மாவின் பங்கை முதலில் எடுத்துவையுங்கள். பள்ளிவாசலுக்கோ கடைக்கோ பைக்கில் போகும் ஒரு வழியை நடையாக மாற்றுங்கள். மாத முடிவில் மளிகைச் சீட்டை முந்தைய மாதச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது குறைந்தது, எது கூடியது என்று அது சொல்லிவிடும்.

மருத்துவ உதவி நாடி யாரும் நம் அறக்கட்டளைக்கு வரக் கூடாது என்பதல்ல இதன் நோக்கம். தேவைப்பட்டால் தயங்காமல் வாருங்கள். ஆனால் வர வேண்டிய தேவையே உங்கள் வீட்டுக்கு ஏற்படாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் துஆ. வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நீடித்த ஆரோக்கியத்தையும் ஹலாலான வருமானத்தில் பரக்கத்தையும் தருவானாக. ஆமீன்.